மூச்சைப் பிடித்த ரவிக்கைகள்

எங்கள் தையல் கடைக்கு நாற்காலி வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதற்கு முன் அங்கே நாற்காலி கிடையாது. நைனா ஒரு மிஷின் முன்னாலும் என் தாய்மாமன் இன்னொரு மிஷின் முன்னாலும் முக்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். துணி கொண்டுவருகிறவர்கள் தெருவில் நின்றபடியே மூட்டையை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உட்கார்ந்து பேச யாருக்கும் அவசியம் இருந்ததில்லை. இப்போது யோசனைக்காரர் உட்கார வேண்டும் என்பதற்காக, கைப்பிடி வைத்த பழைய நாற்காலி ஒன்றை நைனா மூர் மார்க்கெட்டில் வாங்கினார். டிராமில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால் மயிலாப்பூர் வரைக்கும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார்.

யோசனைக்காரர் என்பது குளத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்தவர்கள் அவருக்கு இட்ட பெயர். மவுண்ட் ரோட்டில் துரைமாரும் துரைசானிகளும் வந்துபோகும் பெரிய துணிக்கடை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாபாரம் மந்தமாகிவிட்ட சின்னக் கடைக்காரர்கள் அவரை அழைப்பார்கள். அவர் வந்து சில நாள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து கடையைப் பார்ப்பார். பிறகு சொல்லுவார். பாத்திரக்கடையின் இருட்டு மூலையில் கிடந்த செம்புகளை வெயில் படும்படி வாசலுக்குக் கொண்டுவரச் செய்தவர் அவர்தான். தோள் துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு அதே கையால் நெய் அளக்காதே என்று நெய்க்கடைக்காரரிடம் சொன்னவரும் அவர்தான் என்று கேள்வி. இரண்டு கடைகளும் தேறின.

எங்கள் கடைக்கும் யாராவது யோசனை சொல்லவேண்டிய நிலைதான். நைனா தைத்தது பெரும்பாலும் ரவிக்கைகள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் பல தலைமுறையாக இருக்கும் வீடுகளிலிருந்து வரும். அந்த வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்ததில்லை. நைனா அவர்களை அளவெடுத்ததும் இல்லை. புதுத்துணியோடு பழைய ரவிக்கை ஒன்றைச் சேர்த்துக் கட்டி வேலைக்காரியிடம் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு அளவு ரவிக்கை என்று பெயர். அதை வைத்து வெட்டித் தைத்து, இரண்டையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஆளுக்குப் பதிலாக ஆளின் பழந்துணி வந்து போகும். யாரும் யாரையும் பார்க்கவேண்டியதில்லை, தொடவேண்டியதில்லை. "உங்க நைனாவுக்கு மயிலாப்பூர்ல ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது, எல்லார் முதுகும் தெரியும்" என்று மாமா கேலி செய்வார்.

ஆனால் அந்த வீடுகளில் இளையவர்கள் ஒவ்வொருவராக மாம்பலத்துக்குக் குடிபோனார்கள். ஏரியைத் தூர்த்துத் தெருப் போட்டு, நடுவில் பூங்கா வைத்து, தோட்டத்தோடு புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே போனவுடன் அந்தப் பெண்களுக்குப் பஃப் வைத்த கை வேண்டியிருந்தது, வளைந்து இறங்கும் கழுத்து வேண்டியிருந்தது. ஆனால் அளவுக்கு மட்டும், கல்யாணத்துக்கு முன்னால் தைத்த ரவிக்கையையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும். தைத்துப் போனது சரியில்லை என்று திரும்பி வரும். பிறகு எதுவுமே வராது. இரண்டாவது மிஷின் பல நாள் துணி மூடியே கிடந்தது.

யோசனைக்காரர் முதல் நாளே நைனாவிடம் ஒன்று சொல்லிவிட்டார். "தீபாவளி வரைக்கும் பாப்போம். தேறலேன்னா எங்க பழைய கடையில பின்கட்டுல டெய்லருங்க உக்கார்ற எடத்துல ஒரு எடம் காலி இருக்கு. நான் சொன்னா போட்டுப்பாங்க."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நைனா தலையாட்டினார். அன்று வீட்டில் சாப்பிடும்போது, "அங்க பொத்தானுக்கு ஒருத்தனாம், காலருக்கு ஒருத்தனாம். ஒரு துணி முழுசா எவன் கையிலயும் இருக்காதாம்" என்று மட்டும் சொன்னார்.

"சோறு ஆறிக்கினு கீது, துன்னு" என்றாள் அம்மா.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சொந்தக் கடையை மூடிவிட்டு, யாரோ ஒருவருடைய கடையின் பின்கட்டில் நாளெல்லாம் காலர் தைத்துக்கொண்டிருக்கும் நைனாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வருஷம்தான் நான் ஸ்கூல் பைனல் தேறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்; ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். கடைக்கு வரும் இங்கிலீஷ் நோட்டீஸ்களை நான்தான் படித்துச் சொல்லுவேன். அப்படிப்பட்ட நான் வீட்டிலேயே இருக்கும்போது, நைனா வெளியாளை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. காபி கொண்டுபோகிற சாக்கில் கடைக்குப் போவேன். டம்ளரை எடுத்துவருகிற சாக்கில் மறுபடி போவேன்.

"இன்னாடி, கால்ல சக்கரமா கட்டிக்கினு கீறே?" என்றாள் அம்மா.

"என்னம்மா, அவர் என்ன சொல்றார்னு கேக்கத்தான்."

"என்னவாம் என்ன. இன்னான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாயைத் திறந்தார். கண்ணாடி மாட்டவேண்டும், தைத்த ரவிக்கைகளைச் சுருட்டி வைக்காமல் தொங்கவிட வேண்டும், சொன்ன நாளில் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அளவு ரவிக்கை மூட்டை ஒன்றைக் கைத்தடியால் தொட்டார்.

"இது என்ன?"

"அளவுங்க."

"இந்த அம்மா எப்பவோ இருந்த அளவு. இன்னிக்கு இருக்கற அளவு எங்க? பழைய போட்டோவைப் பாத்து டாக்டர் மருந்து குடுப்பானா?"

மாமா சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. "பொம்பளைங்க மேல டேப்பு வெக்கறதுங்களா? தொடப்பத்தால அடிப்பாங்க."

"நீர் ஏன் வெக்கிறீர்? இதோ நிக்குதே, காபி கொண்டாந்த பொண்ணு. படிச்சிருக்குன்னு சொன்னீரே. இஞ்சி டேப்புல நம்பர் பாக்கத் தெரியாதா? மாம்பலத்துக்கு அனுப்பும். வீடு வீடாப் போய் எடுத்துக்கிட்டு வரட்டும்."

அந்த மனிதர் புத்திசாலி என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

தமக்குக் கூலி வேண்டாம், ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தால் போதும் என்றார். புது வழக்கத்தைத் தம்மிடமிருந்தே ஆரம்பிக்கச் சொல்லிக் கடை வாசலில் நின்றார். தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி நெஞ்சை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். நைனா டேப்பை வைத்துச் சொல்லச் சொல்ல நான் எண்களை எழுதிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா சண்டை பிடித்தாள். "கல்யாணம் ஆவாத பொண்ணை ஊர் சுத்த வுடுவியா நீயி?"

"நீயும் கூடப் போயேன்" என்றார் நைனா.

"காஜா யார் எடுக்கறது? உங்கப்பனா?"

ரவிக்கைகளுக்குப் பொத்தான் துளை போட்டு ஓரம் கட்டுவது அம்மாவின் வேலை. முணுமுணுத்துக்கொண்டே அந்த வேலையையும் பையில் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

லஸ்ஸைத் தாண்டி, தேனாம்பேட்டைத் தோட்டங்களைத் தாண்டி, மவுண்ட் ரோட்டைக் கடந்து மாம்பலத்துக்குள் நுழைந்தோம். எல்லா வீடுகளிலும் புதுச் சுண்ணாம்பு வாசனை. தெருவோரச் செடிகள் கூண்டுக்குள் இருந்தன. முதலில் போனது, முன்பு மயிலாப்பூரில் எங்கள் பழைய வாடிக்கையாக இருந்த ஒரு வீடு. மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமி கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"யாரது?"

"தையக்காரர் வீட்லருந்து வரோம் மாமி. ரவிக்கைக்கு அளவு எடுக்கணும்."

"அளவுதான் குடுத்தனுப்பறோமே."

"இப்ப டேப்பு வெச்சு எடுக்கறோம். அப்பத்தான் புதுமாதிரிக் கையெல்லாம் சரியா வரும்" என்றேன்.

"தொட்டுண்டா எடுப்ப? நான் மடி. வேணும்னா மாட்டுப்பொண்ணுக்கு எடுத்துக்கோ. அவ இன்னும் சமையலுள்ளுக்குப் போகலை. அப்பறம் தலையோட ஒரு சொம்பு விட்டுண்டுட்டாப் போறது."

என் முகம் சூடாகிவிட்டது. என்ன சொல்லியிருப்பேனோ, அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். எங்களைக் கொல்லைப்புறமாகச் சுற்றி வரச் சொன்னார்கள். கிணற்றடித் தாழ்வாரத்தில் அந்த மருமகள் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கம்பம்போல நின்றாள். அவளுக்குக் கூச்சம். எனக்குக் கோபம். நான் டேப்பை மட்டும் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். சில வீடுகளில் குளிப்பதற்கு முன் வரச்சொன்னார்கள், சில வீடுகளில் சாப்பாடு முடிந்த பிறகு. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். ஆனால் அளவு கொடுத்தார்கள். பஃப் கை என்ற ஆசை மடியையும் கூச்சத்தையும் கொஞ்சம் நகர்த்தியிருந்தது. மூடிக் கிடந்த மிஷின் திறந்தது. நவராத்திரிக்கு வேண்டுமென்று அவசரப்படுத்தினார்கள். நைனா நான் எழுதிக் கொடுத்த எண்களைப் பார்த்து வெட்டினார். எங்கள் வீட்டில் எல்லாரும் என் எழுத்தைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சொன்ன நாளில் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

கொலு வைத்த மறுநாள் அந்த முதல் வீட்டு வேலைக்காரி கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இன்னா தையக்காரரே, இப்டிப் பண்ணிட்டே? நேத்து கொலுவுக்கு வந்தவங்க எங்க சின்னம்மாவைப் பாடச் சொன்னாங்க. பாவம், உக்காந்து மூச்சு இழுத்துச்சு. பொத்தான் தெறிச்சுப் போயி செட்டியார் பொம்மை மடியில வுழுந்துச்சு."

"செட்டியார் இன்னா சொன்னாராம்?" என்றார் மாமா.

"நீ சிரி. அது உள்ள போயி அழுதுக்கினு கீது."

அன்று மாலைக்குள் இன்னும் பல மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன. கையைத் தூக்க முடியவில்லை, குனிய முடியவில்லை, அக்குளில் பிடிக்கிறது. எல்லாருக்கும் ஒரே குறை. நைனா ஒரு ரவிக்கையை எடுத்து, தையலுக்கு உள்ளே விட்டிருந்த துணியைத் தடவிப் பார்த்தார். "தளத்தலாம். எவ்ளோன்னு தளத்தறது?" என்றார்.

மறுநாள் காலை யோசனைக்காரர் புதுக்கோட்டோடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். விஷயத்தைக் கேட்டார். "நம்பரைத் தப்பா எழுதியிருக்கும். சின்னப் பொண்ணு. பழகின ஆளு வேணும் இதுக்கு. எங்கயாவது தையல் டீச்சரம்மா கெடைப்பாங்களான்னு பாக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "மவுண்ட் ரோட்டுல அந்த எடத்தை ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

நைனா, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். முந்தைய தடவைபோலத் தலையாட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நான் ஒரு ரவிக்கையை விரித்துப்போட்டு டேப்பை வைத்தேன். எழுதிய எண்ணும் தைத்த அளவும் மயிரிழை பிசகவில்லை. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. என் எண்கள் சரி, நைனாவின் கத்தரி சரி. பிறகு எது தப்பு? கடைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். "உக்காருடி, காத்து வருது" என்றார் மாமா. பிறகு, என் நடையை நிறுத்துவதற்காகவோ என்னவோ, யோசனைக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"கோட்டு எப்டிங்க? அது சரியா கீதுங்களா?"

அவர் எழுந்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். பொத்தான்களைப் போட்டார். நெஞ்சை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினார். கச்சிதமாகத்தான் இருந்தது. பிறகு அவசரமாகப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"உக்காரும்போது கழட்டி விட்டுக்கறதுதான் நாகரிகம்" என்றார்.

அளவெடுத்த அன்று அவர் வாசலில் நின்ற நிலை என் கண்முன் வந்தது. அதே மூடிய வாய். கிணற்றடியில் நின்ற அந்தப் பெண்ணும் அப்படித்தான் நின்றாள். எல்லாருமே அப்படித்தான் நின்றார்கள். பெற்ற தாயைத் தவிர வேறு யாரும் தொட்டு அளந்திராத பெண்கள், மேலே டேப்புப் படாமல் உள்ளுக்குள் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்ட பெண்களை நான் அளந்து வந்திருக்கிறேன். மூச்சு விடுகிற பெண்களுக்கு அந்த ரவிக்கை எப்படிப் பொருந்தும்?

திரும்பி வந்த மூட்டைகளை வாரிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"மாம்பலம் போவணும். கெளம்பு."

"இப்பவா? அடுப்புல கொழம்பு கீது."

"எறக்கி வை."

நான் பேசிய பேச்சைக் கேட்டு அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குழம்பை இறக்கி வைத்தாள்.

அந்த வீட்டில் மாமி வாசற்கதவைப் பாதிதான் திறந்தாள். "மறுபடியும் தொடணுமா? ஒரு தரம் தொட்டு ஊர் சிரிச்சது போறாதா?"

"கூலி எதுவும் வேணாம் மாமி. நாளைக்கே சரியாத் தெச்சுக் குடுக்கறோம். இந்தத் தடவை மட்டும் எடுக்கவிடுங்க."

மருமகள் வந்து நின்றாள். அதே கிணற்றடிதான். கண் இன்னும் சிவந்திருந்தது. டேப்பை அருகில் கொண்டுபோனதும் முன்போலவே விறைத்துக்கொண்டாள். "மூச்சு விடுங்க" என்றேன். விட்டாள், உடனே மறுபடி பிடித்துக்கொண்டாள். "பேசிக்கிட்டே இருங்க" என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. வேறு வழி தெரியாமல், எங்கள் கடைக்கு யோசனை சொல்ல வந்தவருடைய கோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நான் சொன்னது நன்றாக இல்லை போலிருக்கிறது. தாழ்வாரத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அப்டி இல்லம்மா. நான் காட்டறேன் பாரு" என்று சொல்லி, முந்தானையைக் கோட்டுபோல இழுத்துப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கினாள். மோவாயைத் தூக்கினாள். பை வைத்திருந்த கையைக் கைத்தடிபோல ஊன்றிக் கிணற்றைச் சுற்றி நடந்தாள். உட்காரப் போகிறபோது ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றுவதுபோலக் காட்டி, துவைக்கிற கல்லின்மேல் பொத்தென்று உட்கார்ந்து மூச்சை விட்டாள். "இதாம்மா நாகரிகம்."

அந்தப் பெண் சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமலே. என் விரல்களுக்கு நடுவில் டேப்பு நழுவி ஓடியது. நழுவின இடத்தில் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது.

"மேல்படியில பொம்மை வெக்கற மாதிரிக் கையைத் தூக்குங்க" என்றேன். தூக்கினாள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

சமையலுள்ளிலிருந்து மாமியின் சிரிப்பும் கேட்டது. "எங்காத்து மாமாவும் அதே கதைதான். போட்டோ பிடிக்கறச்சே வயிறே இருக்காது." பிறகு நிலைப்படியில் வந்து நின்றாள். "ஏண்டி பொண்ணே, எனக்கும் எடுத்துடேன். நாளைக்குக் கார்த்தால, குளிக்கறதுக்கு முன்னாடி வந்துடு."

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது.

"காலைல எனக்கு வேலை இருக்கு மாமி. சாயங்காலம்தான் வரமுடியும்."

அம்மா கிள்ளுவதற்கு என் முழங்கையைத் தேடினாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி. விளக்கேத்தறதுக்கு முன்னாடி வா. இன்னொரு தரம் குளிச்சுக்கறேன்" என்றாள்.

இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தோமா, இரண்டு பேருமே விடவில்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நவராத்திரி முடிவதற்குள் எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனோம். அம்மா எல்லாக் கிணற்றடியிலும் வயிற்றை எக்கி நடந்தாள். போகப் போக அவள் நடையில் மெருகு ஏறியது. நைனா ஒவ்வொன்றாகப் பிரித்துத் தளர்த்தினார். ஆயுத பூஜையன்று மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்தபோது, இஞ்சி டேப்பையும் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்து அதன்மேல் நைனாவே ஒரு பூவை வைத்தார்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது யோசனைக்காரர் வந்தார். இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நாற்காலி நிறைய துணி மூட்டைகள். அவர் உட்கார இடம் இல்லாமல் நின்றார். கோட்டுப் பொத்தான்கள் கழன்றிருந்தன.

"அந்த எடத்துக்கு ஆள் கேட்டு அனுப்பியிருக்காங்க. என்ன சொல்றது?"

நைனா மிஷினை நிறுத்தாமல், "வேற ஆளு பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான். மாமா ஒரு கணம் காலை நிறுத்தினார், பிறகு ஓட்டினார். நான் கையிலிருந்த துணியைத் தேவையில்லாமல் மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க" என்றார் நைனா. "உள்ள துணி வுட்டுத்தான் கீது. தளத்தித் தரேன்."

"அப்படி ஒண்ணும் அவசியம் இல்லையே" என்றார். ஆனாலும் கழற்றினார். நைனா டேப்பை எடுத்ததும், பழக்கம் விடாமல், நெஞ்சை நிமிர்த்தி வாயை மூடினார்.

"பேசிக்கிட்டே நில்லுங்க சார்" என்றேன் நான். "எப்படி இதெல்லாம் நடந்ததுன்னு சொல்லுங்க."

அதற்குத்தான் காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். அளவு ரவிக்கை என்ற ஒன்றை ஒழித்ததே தாம்தான் என்றார். டேப்பு தம் யோசனை, மாம்பலம் தம் யோசனை, பெண்ணை அனுப்பியதும் தம் யோசனை என்றார். பாத்திரக்கடைக்காரரிடமும் நெய்க்கடைக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது என்றார். மாம்பலத்தில் பாதி வீட்டுப் பெண்களுக்குத் தம் வயிற்றைத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பேசப் பேச அந்த வயிறு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. நைனா அங்கே டேப்பை நிறுத்தி எண்ணைச் சொன்னார்.

எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து மேலாக இருந்த மூட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள், மெல்லப் போகச் சொல்லிக்கொண்டே.